யாரும் உரிமை கோராத எச்சம்: மூலக்குளம் சுற்றுவட்டாரத்தில் உயிர்த்திரளை எரிபொருளாக்குவது பற்றி

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் சாலையில் ரெட்டியார்பாளையத்தை அடுத்து வருவது மூலக்குளம். நிருவாக எல்லைப்படி அது உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. வாழ்க்கைப்படி பாதி நகரம், பாதி கிராமம். அதற்குக் கிழக்கே சந்தைகளும் விடுதிகளும் திருமண மண்டபங்களும் அன்றாடம் ஈரக்குப்பையைத் தள்ளுகின்றன. மேற்கிலும் தெற்கிலும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் நெல் வயல்கள், தென்னந்தோப்புகள், சவுக்குத்தோப்புகள், அரிசி ஆலைகள். உயிர்த்திரளை உயர்தர எரிபொருளாக மாற்றுவது குறித்து நாடு முழுவதும் நடந்துவரும் பேச்சு பெரும்பாலும் தேசிய அளவிலான டன் கணக்கில் தொடங்கி அங்கேயே முடிகிறது. அந்தப் பேச்சை இந்தச் சிறு வட்டாரத்தின் மேல் இறக்கிவைத்து, அது தாங்குகிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே உலர்ந்த எச்சம் எதுவும் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. வைக்கோல் மாட்டுக்கு, உமி ஆலையின் கொதிகலனுக்கு, சவுக்கு மிலாறும் தென்னை மட்டையும் அடுப்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை காத்திருக்கிறது. யாரும் உரிமை கோராமல் கிடப்பது ஈரமான எச்சம் மட்டுமே. ஆகவே எரிபொருள் உற்பத்தி இங்கே தொடங்கவேண்டிய இடம் காற்றில்லாச் செரிப்புத் தொட்டி. வைக்கோலை எத்தனாலாக்கும் பேராலை இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. உமிக்குப் புதிய வடிவம் எதுவும் வேண்டாம். அது இன்று எரியும் விதத்தைத் திருத்தினால் போதும்.

எரிபொருளின் தரம்

பச்சை உயிர்த்திரளில் மூன்று குறைகள் உண்டு: ஈரம், சாம்பல், பருமன். முழுக்க உலர்ந்த விறகு கிலோவுக்கு 18 முதல் 19 மெகாஜூல் வெப்பம் தரும். அதே விறகின் எடையில் பாதி நீர் என்றால், கைக்குக் கிடைப்பது 8 மெகாஜூல் அளவுக்கு இறங்கிவிடும். எரியும் பொருள் பாதியாகிறது. மீதிப் பாதியான நீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது. பருமன் அடுத்த தொல்லை. ஒரு கன மீட்டர் உமி ஏறத்தாழ 100 கிலோதான் இருக்கும். பத்து டன் உமியை ஏற்ற நூறு கன மீட்டர் இடம் வேண்டும். கட்டாத வைக்கோல் அதைவிடவும் லேசு. அதையே அழுத்திக் கட்டியாக்கினால் கன மீட்டருக்கு 1,000 கிலோவையும் தாண்டும். உழவர் வீட்டில் இலவசமாகக் கிடக்கும் எச்சம் ஆலை வாசலை அடையும்போது விலையுயர்ந்த பொருளாகிவிடுவதற்குக் காரணம் லாரி வாடகையும் ஏற்றிறக்கு கூலியுமே.

இக்குறைகளைப் போக்கும் வழிகள் பல. 200 முதல் 300 பாகை செல்சியஸில் காற்றுப் படாமல் வறுத்தால் எடை ஏறத்தாழ 70 விழுக்காடாகக் குறையும். ஆற்றலில் 90 விழுக்காடு தங்கும். பொருள் நொறுங்கும் தன்மை பெற்று, தண்ணீரை எளிதில் உறிஞ்சாமல் இருக்கும். 500 பாகை அளவில் நொடிப்பொழுதில் சூடேற்றி ஆவியை உடனே குளிர்வித்தால் கறுப்புத் திரவம் ஒன்று கிடைக்கும். நல்ல மரத்தூளில் எடைக்கு எடை 60 முதல் 75 விழுக்காடு வரை அது தேறும். ஆனால் அத்திரவத்தில் கால்பங்கு வரை நீர், 35 முதல் 40 விழுக்காடு ஆக்சிஜன், எலுமிச்சைச் சாற்றுக்கு ஈடான புளிப்பு. கிலோவுக்கு 16 முதல் 19 மெகாஜூல்தான் தேறும். டீசலில் பாதிக்கும் குறைவு. அதை வண்டி எஞ்சினுக்குத் தகுந்ததாக்க ஹைட்ரஜன் செலுத்தியோ, சியோலைட் வினையூக்கியின் மேல் ஆவியாக ஓட்டியோ ஆக்சிஜனை நீக்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் தரம் ஏறுகிறது, அளவு குறைகிறது, செலவு கூடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் தரம் என்பது வெப்ப மதிப்பும் தூய்மையும். ஒரு வட்டாரத்தைப் பொறுத்தவரை அந்த அளவை போதாது. எந்த எரிபொருளும் தன் அடுப்புக்குத் தேவையான தரத்தை எட்டினால் போதும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு படியும் வீண். நெல் அவிக்கும் கொதிகலனுக்கு டீசல் தரம் தேவையில்லை. விமானத்துக்கு அத்தகைய உயர்தரம் தேவை. இந்தியா பன்னாட்டு விமானங்களுக்கான எரிபொருளில் 2027-க்குள் 1 விழுக்காடு நிலைத்த எரிபொருள் கலக்க இலக்கு வைத்திருக்கிறது; அதற்கு உயிர்த்திரளைக் கடைசிப் படிவரை உயர்த்தும் ஆலைகள் நாட்டில் எங்கேனும் வேண்டும்தான். பாகூர் வயல்தான் அதற்குத் தீனி போடவேண்டுமா என்பதே கேள்வி.

வைக்கோல்

அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 900 கோடி ரூபாய் அளவில் முதலீடு. ஆண்டுக்கு 2 இலட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும், 2019-இல் வந்த ஜீவன் திட்டமும் ஊக்குவிக்கும் பாதை இதுதான். பஞ்சாபிலும் அரியானாவிலும் இதன் நியாயம் தெளிவானது. அங்கே நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இருப்பது இரண்டு மூன்று வாரங்கள். அறுவடை எந்திரம் விட்டுச் சென்ற தாளை உழவர்கள் வயலிலேயே கொளுத்துகிறார்கள். அந்தப் புகை தில்லிவரை போகிறது. கொளுத்தப்படும் பொருளை விலைகொடுத்து வாங்குவது எல்லோருக்கும் நல்லது.

அந்த ஆலையைப் புதுச்சேரிக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு எக்டேரில் 5 டன் நெல், ஏறத்தாழ அதே எடைக்கு வைக்கோல் என்று கொண்டால், 2 இலட்சம் டன்னுக்கு 40,000 எக்டேர் நெல் வேண்டும். புதுச்சேரி வட்டாரத்தின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 294 சதுர கிலோமீட்டர், அதாவது 29,400 எக்டேர். வீடு, சாலை, ஊசுட்டேரி, பாகூர் ஏரி, கடற்கரை எல்லாவற்றையும் அழித்து நெல் நட்டாலும் ஒரு போகத்தில் அந்த ஆலைக்கு முக்கால் வயிறுதான் நிரம்பும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகங்களைக் கூட்டிக்கொள்ளலாமே என்றால், உண்மையில் நெல் விளையும் பரப்போ மொத்தப் பரப்பில் ஒரு பகுதிதான். மேலும் புதுச்சேரி ஒட்டிய நிலமன்று. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கிராமங்கள் ஊடும் பாவுமாக இடையே புகுந்திருக்கின்றன. பெரிய ஆலை வந்தால் அதன் கொள்முதல் இரு அரசுகளின் எல்லைக்குள் அலையவேண்டும்.

ஆற்றல் கணக்கு இதைவிடக் கறாரானது. ஒரு டன் வைக்கோலில் 150 லிட்டர் எத்தனால். லிட்டருக்கு 21 மெகாஜூல் வீதம் 3,150 மெகாஜூல். அந்த வைக்கோலில் இருந்ததோ ஏறத்தாழ 14,000 மெகாஜூல். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் திரவமாகிறது. எஞ்சும் லிக்னினை ஆலையின் கொதிகலனில் எரித்து நீராவிக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றாலும், விற்பனைக்கு வரும் எரிபொருள் இவ்வளவுதான். வீணாகக் கொளுத்தப்படும் வைக்கோலுக்கு இந்த விகிதம் இலாபமே. மாடு தின்னும் வைக்கோலுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

வில்லியனூரிலும் பாகூரிலும் மாடு தின்கிறது. ஒரு கறவை மாடு நாளுக்கு 5, 6 கிலோ காய்ந்த வைக்கோல் என்று தின்றால் ஆண்டுக்கு 2 டன் ஆகும். ஒரு எக்டேரின் ஒரு போக வைக்கோல் இரண்டரை மாட்டைத் தாங்குகிறது. அறுவடை எந்திரம் வந்தபின் வைக்கோல் போர் போடுவது குறைந்து, எந்திரம் சுற்றிக் கட்டிய கட்டுகள் பெருகியிருக்கின்றன. விலையும் கையிருப்பும் இப்போது கட்டுக் கணக்கில்தான். கட்டு கட்டத் தொடங்கியதும் வைக்கோல் தொலைதூரம் போகக்கூடிய பண்டமாகிவிட்டது. அதை ஆலை வாங்கினால் தீவனத்தின் விலை ஏறும். அந்தச் சுமை விழுவது நிலம் இல்லாமல் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பங்களின் தலையில். எரிபொருளா உணவா என்ற வழக்கமான விவாதம் தானியத்தைப் பற்றியே பேசுகிறது. இவ்வட்டாரத்தில் அந்த மோதல் தீவனத்தின் வழியாகவே நடக்கும்.

மண்ணையும் கேட்கவேண்டும். நெற்பயிர் உறிஞ்சும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு தாளில்தான் நிற்கிறது. வைக்கோலின் எடையில் ஒன்றரை விழுக்காடு பொட்டாசியம் என்று வைத்தால், எக்டேருக்கு ஒரு போகத்தில் 70 கிலோவுக்குக் குறையாமல் வயலை விட்டு வெளியேறும். மாடு தின்று சாணமாகித் திரும்பினால் கணிசமான பங்கு திரும்பி வரும். தொலைவிலுள்ள ஆலைக்குப் போனால் வராது. இந்தியா தன் பொட்டாஷ் தேவை முழுவதையும் இறக்குமதியால்தான் தீர்த்துக்கொள்கிறது. வயலிலிருந்து போகும் ஒவ்வொரு கிலோவையும் அயல்நாட்டிலிருந்து வாங்கி ஈடுகட்ட வேண்டும். வைக்கோல் எரிபொருளின் செலவுக் கணக்கில் இந்த வரி விடுபட்டுப்போவது வாடிக்கை.

அதே பொட்டாசியம் உலைக்கும் பகை. வைக்கோலின் சாம்பலில் சிலிக்காவோடு பொட்டாசியமும் குளோரினும் சேர்ந்திருப்பதால் அது தாழ்ந்த வெப்பத்திலேயே உருகிக் குழாய்களில் கண்ணாடிபோல் படியும். வெப்பச்சிதைவில் பொட்டாசியம் முன்பு சொன்ன கறுப்புத் திரவத்தைக் குறைத்துக் கரியையும் நீரையும் கூட்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1990-களில் நடந்த ஆய்வுகள், வைக்கோலை நீரில் கழுவினாலோ மழையில் நனைய விட்டாலோ பொட்டாசியமும் குளோரினும் பெருமளவு நீங்கிச் சாம்பல் உருகும் வெப்பநிலை உயர்வதைக் காட்டின. மழை நமக்கும் வருகிறது, ஆனால் வேண்டிய அளவில் நிற்பதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருகிப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் நீரில் நின்றன. ஆண்டு முழுதும் ஓடவேண்டிய ஆலை, வடகிழக்குப் பருவமழையின் நடுவே ஆயிரக்கணக்கான டன் வைக்கோலை உலரவைத்துக் காக்க வேண்டும். அந்தக் கிடங்கின் செலவைப் பானிப்பட்டின் வறண்ட குளிர்காலத்தை வைத்து மதிப்பிட முடியாது.

உமி

உமியின் நிலை வேறு. இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. கிலோவுக்கு 13, 14 மெகாஜூல் வெப்பம். புழுங்கல் அரிசி ஆலைகள் நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்த அதையே எரிக்கின்றன. எச்சம் பிறக்கிற இடத்திலேயே எரிபொருளாகிறது; லாரி வேண்டாம், உலர்த்த வேண்டாம், அரைக்க வேண்டாம். உயிர்த்திரளை ஆற்றலாக்கும் ஏற்பாடுகளில் இதைவிடச் செம்மையான பொருத்தம் இந்த வட்டாரத்தில் வேறில்லை என்றே கருதுகிறேன். இதைக் கலைத்து உமியைக் கட்டியாக்கி வெளியூர் அனல்மின் நிலையத்துக்கு அனுப்பும் யோசனை அவ்வப்போது எழுகிறது. நிலக்கரி அனல்மின் நிலையங்களில் 5 விழுக்காட்டில் தொடங்கி உயிர்த்திரள் வில்லைகளைக் கலந்து எரிக்கவேண்டும் என்று ஒன்றிய மின் அமைச்சகம் 2021-இல் வகுத்த விதி அந்த யோசனைக்குச் சந்தையும் தந்திருக்கிறது. உமி போய்விட்டால் ஆலைக்காரர் கொதிகலனுக்கு விறகு வாங்குவார். நாட்டின் புள்ளிவிவரத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கூடும். வட்டாரத்தில் சவுக்கு வெட்டுவது கூடும்.

குறை இருப்பது எரிக்கும் முறையில். உமியில் 15 முதல் 20 விழுக்காடு சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. நாளுக்கு 50 டன் நெல் அரைக்கும் ஆலையில் 10 டன் உமி. அதில் கிட்டத்தட்ட 2 டன் சாம்பல் விழும். பழைய சாய்தட்டு உலைகளில் உமி சரியாக எரிவதில்லை. கரி கலந்த கறுப்புச் சாம்பலாக வெளியேறி, பாதி காற்றில் பறந்து அண்டை வீட்டுத் துணியிலும் கிணற்றிலும் இறங்குகிறது. எரியாமல் போன அந்தக் கரி அத்தனையும் இழந்த எரிபொருள். வெப்பம் ஏறினாலோ இன்னொரு கேடு: 800 பாகையைக் கடந்தால் வடிவமற்ற சிலிக்கா படிகமாகத் தொடங்கும், படிக சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். 700 பாகைக்குள் ஒரே சீராக எரித்தால் வெண்சாம்பல் கிடைக்கும். அது சிமெண்டோடு வினைபுரிந்து இறுகும் தன்மையுடையது. பெர்க்லியில் பணியாற்றிய பி. கே. மேத்தா 1970-களிலேயே இதை நிறுவிக் காட்டினார்.

ஆகவே உமிக்கு வேண்டியது நல்ல உலை. பாய்மப் படுகை உலையில் மணலோடு உமி மிதந்து எரியும்போது வெப்பம் எங்கும் ஒரே அளவில் நிற்கும். சாம்பலில் கரி குறையும். அதே நீராவிக்கு உமி குறைவாகச் செலவாகும். மிச்சமாகும் உமியையும் வெண்சாம்பலையும் விற்கலாம். இப்படிப்பட்ட திருத்தத்துக்குப் பெயர் சூட்டி அடிக்கல் நாட்ட முடியாது. மானியத் திட்டங்களிலும் அது எளிதில் அகப்படுவதில்லை. ஆனால் ஒரு ரூபாய் முதலீட்டுக்கு எத்தனை மெகாஜூல் மீள்கிறது என்று கேட்டால், இந்த வட்டாரத்தில் இதற்கு இணையாக நிற்கக்கூடியது அடுத்த பகுதியில் சொல்லப்போகும் செரிப்புத் தொட்டி ஒன்றுதான்.

உமியை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கலாமே என்ற கேள்வி வரும். 2007-இல் பீகாரின் மேற்குச் சம்பாரன் மாவட்டத்தில் தம்குஹா கிராமத்தில் தொடங்கிய ஹஸ்க் பவர் நிறுவனம் அதைச் செய்துகாட்டியது. இருண்ட கிராமங்களுக்கு விளக்கு தந்தது. பின்னாளில் அதே நிறுவனம் சூரிய மின்சாரத்தின் பக்கம் நகர்ந்தது. வாயுவாக்கத்தின் நிரந்தரத் தலைவலி தார். பச்சைப் பொருள் 500, 600 பாகையில் சிதையும்போது பிறக்கும் தார் எஞ்சின் வால்வில் படிகிறது. கழுவினால் கழுவிய நீர் நஞ்சாகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது சென்னை மாகாணத்துச் சாலைகளில் பேருந்துகள் கரி வாயுவில் ஓடின. பின்புறம் உருளை அடுப்பைக் கட்டிக்கொண்டு மேடேற முனகிய அந்த வண்டிகளைப் பற்றிய நினைவுகள் நம் முதியோரிடம் இருந்தன. அங்கே விறகுக்குப் பதில் கரி போட்டதற்கு வலுவான காரணம் உண்டு. தார் கரிமூட்டத்திலேயே வெளியேறிவிடும். எஞ்சினுக்கு வருவது அநேகமாகத் தூய வாயு. ஆனால் மூட்டத்தில் போன அந்தத் தாரும் புகையும் மரத்தின் ஆற்றலில் பாதிக்கு மேல். எஞ்சின் பிழைக்கக் காடு விலை கொடுத்தது.

சவுக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டு மரம், 19-ஆம் நூற்றாண்டில் இரயில் எஞ்சின்களின் விறகுக்காகக் கடலோரங்களில் பரவலாக நடப்பட்டது, மணலில் வளரும், வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும், நான்கைந்து ஆண்டில் வெட்டுக்கு வரும். அடிமரம் காகித ஆலைக்கும் பந்தலுக்கும் சாரத்துக்கும் போகிறது. மிலாறு ரொட்டி அடுப்புகளுக்கும் கல்யாணச் சமையலுக்கும் போகிறது. வில்லியனூரின் சுடுமண் கலைஞர்களுக்கும் சூளை எரிய விறகும் வைக்கோலும் வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தொழில் விறகு விலையின் ஒவ்வொரு அசைவையும் உணரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிச் சவுக்கையும் பலாவையும் முந்திரியையும் தென்னையையும் சாய்த்தபோது விறகு மலையாகக் குவிந்தது. அப்படியொரு ஆண்டில் கிடைக்கும் அளவை நம்பி ஆலை கட்டினால் அடுத்த ஆண்டு அது பட்டினி கிடக்கும்.

ஈர எச்சம்

ஈரத்தைக் குறையென்று கொள்ளாத மாற்றுமுறை காற்றில்லாச் செரிப்பு. சமையற்கழிவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீர். ஏரி வாய்க்கால்களில் படரும் ஆகாயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். இவற்றை உலர்த்தி எரிக்க முனைந்தால் உலர்த்தவே அவற்றின் ஆற்றலில் பெரும்பங்கு செலவாகும். நுண்ணுயிர்களோ நீருக்குள்ளேயே வேலை செய்து, 55 முதல் 65 விழுக்காடு மீத்தேன் கொண்ட வாயுவைத் தருகின்றன. அது தானாகவே நீரிலிருந்து பிரிந்து மேலே வருகிறது. பிரித்தெடுக்கும் செலவே இல்லை. எத்தனாலை நீரிலிருந்து காய்ச்சிப் பிரிக்கச் செலவாகும் நீராவியை எண்ணினால் இந்தச் சலுகையின் அருமை தெரியும்.

நன்கு பிரித்த ஒரு டன் உணவுக்கழிவு ஏறத்தாழ 100 கன மீட்டர் வாயு தரும். ஒரு கன மீட்டர் 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். நாளுக்குப் பத்து டன் ஈரக்குப்பை என்றால் 1,000 கன மீட்டர், அதாவது 450 கிலோ: 14.2 கிலோ உருளைகளில் 31-க்கு மேல். புதுச்சேரி நகர், உழவர்கரை நகராட்சிகளின் குப்பை சேருவது மூலக்குளத்திலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள குரும்பாபேட்டில். அங்கே மூடிப் புதைந்த ஈரக்குப்பையும் மீத்தேனையே உண்டாக்குகிறது, காற்றுக்காக. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது. அதே ஊரில் காமராசர் பெயரிலான வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. செரிப்புத் தொட்டியின் உரக்கரைசலைப் பயிரில் சோதித்து உழவர்களுக்குச் சொல்ல வேறு இடம் தேட வேண்டியதில்லை.

தரத்தை எதுவரை உயர்த்துவது என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. தொட்டியிலிருந்து வரும் வாயுவை அப்படியே கொப்பரை அடுப்பில் எரிக்கலாம். அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடை இரும்புத் துருவல் நிரப்பிய கலனில் நீக்கினால் எஞ்சினுக்கு ஆகும். கரியமில வாயுவையும் நீக்கி மீத்தேனை 90 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தி அழுத்தினால் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 16087 வரையறைப்படி வண்டி எரிபொருள். மூன்றாம் படிக்கு நீர்க்கோபுரம் அல்லது சவ்வு, அழுத்தி, உருளைகள், நிரப்பு நிலையம், ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டும். 2018 அக்டோபர் 1-இல் தொடங்கிய சதாத் திட்டம் இந்த மூன்றாம் படியையே எல்லோருக்கும் இலக்காக வைத்தது: 2023-க்குள் 5,000 ஆலைகள். கெடு கடந்தபோது இயங்கியவை அதில் மிகச் சிறு பகுதியே. 2025-26-இல் 1 விழுக்காட்டில் தொடங்கி 2028-29-இல் 5 விழுக்காடு வரை நகர எரிவாயுவில் கலக்கவேண்டும் என்ற கட்டாயம் இப்போது சந்தையை உறுதிப்படுத்துகிறது. கோழி எருவும் சாணமும் டன் டன்னாகக் குவியும் நாமக்கல் புதுச்சத்திரத்தில் அழுத்திய உயிரி எரிவாயு ஆலை அமைந்தது பொருத்தமானதே. ஆனால் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளைப் பாருங்கள். மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து எடுக்கும் வாயுவை அவை தங்கள் சொந்தத் தேவைக்கே பயன்படுத்துகின்றன. மூலக்குளத்தின் அளவுக்குச் சேலமே முன்மாதிரி. விடுதிச் சமையலறை, மருத்துவமனை, கல்லூரி உணவுக்கூடம் என்று வாயுவை நேரே எரிக்கக்கூடிய இடங்கள் இந்தச் சாலையோரத்தில் நிறையவே உண்டு. இரண்டாம் படியோடு நிற்பதே இங்கே சிக்கனம்.

வீட்டுச் சாண எரிவாயுக் கலன்கள் நின்றுபோனதைச் சுட்டி இந்த முறையே தோற்றுவிட்டது என்பார் உண்டு. 1981-82-இல் தேசிய உயிரி எரிவாயுத் திட்டம் தொடங்கியபின் நாடெங்கும் இலட்சக்கணக்கில் கட்டப்பட்டவற்றில் பல கிடப்பில் உள்ளன என்பது உண்மைதான். காரணம் உயிரியலில் இல்லை. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும்; சிறிய இரண்டு கன மீட்டர் கலனுக்கே நான்கைந்து மாடு வேண்டும். உழவு மாடு போய் டிராக்டர் வந்த வீட்டில் தொட்டி பட்டினி கிடந்தது. 2016-இல் உஜ்வாலா திட்டம் வந்தபின் உருளை வீட்டுக்கே வந்தது. நகர விளிம்பில் தீனிக்குப் பஞ்சமில்லை, கலப்படம்தான் சிக்கல். சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் 2005-இல் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவுக்காக அமைக்கப்பட்ட ஆலை சந்தைக் குப்பையைத் தேர்ந்ததற்குக் காரணம், அது ஓரளவு தானாகவே பிரிந்து வருவது. வீட்டுக் குப்பையில் நெகிழிப்பையும் மணலும் சேர்ந்து வரும். அவை குழாயை அடைத்துத் தொட்டியின் அடியில் படியும். ஆகவே முதலில் சேர்க்கவேண்டியவை காய்கறிச் சந்தை, மீன் சந்தை, மண்டபம், விடுதி. வீடுகள் பிறகு வரட்டும்.

இங்கே வைக்கோலுக்கும் ஓர் இடம் உண்டு. உணவுக்கழிவும் மீன்கழிவும் தனியாக நொதித்தால் தொட்டி புளித்துப்போகும், இல்லையேல் அம்மோனியா மிஞ்சும். கரிமமும் நைட்ரஜனும் 20 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் செரிப்பு சீராக நடக்கும். வைக்கோலில் அந்த விகிதம் 70-ஐத் தாண்டும். அறுவடை நேரத்து மழையில் நனைந்து மாடு முகர்ந்தும் பார்க்காத வைக்கோல் இருக்கிறதே, அதை நறுக்கிச் சேர்த்தால் இரண்டின் குறையும் தீரும். அந்த வைக்கோலுக்குத்தான் யாரும் உரிமை கோரவில்லை. பொட்டாசியம் தொட்டியில் எங்கும் போகாது. உரக்கரைசலில் தங்கி வில்லியனூர் வயலுக்கே திரும்பும்.

இந்த வட்டாரம் எச்சத்தைப் பொருளாக்கும் சோதனைக்குப் புதியதன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1991-இல் தொடங்கிய உயிரிக்கிராமத் திட்டம் கீழூர், பிள்ளையார்குப்பம் போன்ற ஊர்களில் இயங்கியது. வைக்கோலில் காளான் வளர்ப்பது அங்கே நிலமற்ற பெண்களின் தொழிலாயிற்று. வளர்த்து முடிந்த வைக்கோல் உரத்துக்கு ஆயிற்று. எச்சத்தின் உடைமையும் அதன் மதிப்புக்கூட்டலும் ஒரே கையில் இருந்ததை அத்திட்டத்தின் வலிமையாகக் காண்கிறேன். லிங்கரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் கதை அதற்கு எதிரானது. ஒரே பெரிய உலையை நம்பியிருந்த கரும்பு, ஆலை நின்றதும் வேறு ஊர் வழி தேடியது. சக்கை, ஆலைக்கழிவு, அதைச் சுற்றிய எரிபொருள் வாய்ப்பு எல்லாம் அதோடு போயின.

பெரிய ஆலைக்கு மட்டுமே நல்ல பொறியாளரும் கடனும் கிடைக்கும், சிறு தொட்டிகள் கவனிப்பாரின்றிச் சாகும் என்பது என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. தொட்டிக்கு நாள்தோறும் ஒரே அளவு தீனி, புளிப்பு அளவீடு, வாயு அளவீடு எல்லாம் வேண்டும். ஒரு வாரம் விட்டால் நுண்ணுயிர்க் கூட்டம் சரியும், மீள மாதங்கள் ஆகும். இதற்கு விடை தொட்டியைப் பெரிதாக்குவதில் இல்லை. பல தொட்டிகளை ஒரே பயிற்சி பெற்ற குழு பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் மதன்ஜீத் பசுமை ஆற்றல் தொழில்நுட்பப் பள்ளி இருக்கிறது. அதன் மாணவர்கள் கண்ணாடிக் குடுவையில் செய்யும் செரிப்புச் சோதனைகளைக் குரும்பாபேட்டின் உண்மையான குப்பையில் செய்யத் தடையொன்றும் இல்லை.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது அளவெடுப்பு. ஓராண்டு முழுதும், மார்கழி மழையிலும் சித்திரை வெயிலிலும், ஆடி மாதத்து வெறுமையிலும் தை முகூர்த்த நெரிசலிலும், சந்தையும் மண்டபமும் அனுப்பும் ஈரக்குப்பையைத் தனி வண்டியில் எடைபோட்டு, ஈரம், மணல், நெகிழி மூன்றையும் வாரம் ஒருமுறை சோதித்து வெளியிடவேண்டும். அரிசி ஆலைகளின் சாம்பலில் எஞ்சும் கரியின் அளவை அதே பட்டியலில் சேர்க்கலாம். அதற்குத் தராசும் சிறு சூளையும் போதும். பாகூரில் மழையில் கெட்ட வைக்கோல் எந்தப் போகத்தில் எவ்வளவு என்பதைக் கொம்யூன் பஞ்சாயத்து வாரியாக எடுக்கவேண்டும். தொட்டியின் கொள்ளளவு, மூன்றாம் படி தேவையா என்பது, உரக்கரைசலை எத்தனை எக்டேர் ஏற்கும் என்பது ஆகிய மூன்றும் இந்த எண்களிலிருந்தே வரவேண்டும். திட்ட அறிக்கைகள் இவற்றை இன்னும் தேசிய சராசரியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கின்றன.